விதை எண் 317

ராயக்கோட்டை சாலையில்
டயர்க் கடைக்கு மேலே எங்கள் அறை.
கீழே லாரிச் சக்கரத்தைச் சம்மட்டியால் அடிக்கும்போதெல்லாம்
மேலே என் திரையில்
ஒரு மலையடிவாரம் லேசாக அதிரும்.

சூளகிரிக்கு இந்தப் பக்கம் மனை போடுகிறார்கள்.
வாங்குகிறவர் பெங்களூரில் உட்கார்ந்தபடி
நடந்து பார்க்க வேண்டும்,
பாறையைச் சுற்றி, புல்லில், செருப்பில்லாமல்.
அதற்குத்தான் நான்.

முதல் நாள் புல்லைத் தூவினேன்.
ஒரே சொடுக்கில் நாற்பதாயிரம்.
கல் என்று பார்க்கவில்லை, மண் என்று பார்க்கவில்லை.
பாறையின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு கோரை.
பாறைக்குள்ளேயே முழுசாய்ப் புதைந்துபோன ஓர் ஆவாரை,
பூ மட்டும் வெளியே,
சட்டைப் பையில் செருகின பேனா மாதிரி.

"கல்லுக்குள்ள எங்கம்மா செடி மொளைக்கும்?"
என்றார் முனிராஜப்பா.
நியாயம்தான்.

பாறையைச் சுற்றி மாஸ்க் தீட்டினேன்.
வெள்ளை என்றால் முளைக்கலாம், கறுப்பு என்றால் கூடாது,
அந்த ஊரில் சட்டம் அவ்வளவுதான்.
முப்பது சென்டிமீட்டர் தள்ளி நிற்கச் சொன்னேன்.
நின்றன.
இப்போது பாறை
வட்டில் நடுவில் வைத்த களி உருண்டை.

விளிம்பைக் கலைத்தேன்.
கறுப்பிலிருந்து வெள்ளைக்குச்
சாம்பல் வழியாக மெதுவாகப் போகவிட்டேன்.
சரிவு நாற்பது பாகையைத் தாண்டினால் வேண்டாம் என்றேன்.
மழை வழிந்து இறங்குகிற மேற்கு அடியில்
இன்னும் கொஞ்சம் அடர்த்தி.
அப்படியும் ஒரு மூலையில் நாலைந்து செடிகள்
பள்ளிக்கூடப் பிரேயருக்கு நிற்கிற மாதிரி
வரிசை கட்டிவிட்டன.
வரிசையைக் கண்டதும் கண் சொல்லிவிடும், பொய் என்று.

'விதை' என்று ஒரு கட்டம் உண்டு.
அதில் எண்தான் போட முடியும்.
316ஐ அழித்து 317.
நாற்பதாயிரமும் இடம் மாறிக்கொண்டன
ஒன்றையொன்று கேட்காமல்.

சரியாக வந்தது. அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை
முபீனாவின் ஸ்கூட்டியில் போய்ப் பார்த்தோம், அசல் பாறையை.
ஆட்டின் கழுத்து எட்டுகிற உயரம்வரை
ஒட்டக் கடித்திருந்தது.
மாஸ்க் போட்டது ஆடு.
இதற்கு எந்தக் கட்டத்தில் எந்த எண்ணைத் தட்டுவது என்று
நான் யோசித்துக்கொண்டிருக்கும்போது
பின்பக்கமிருந்து முபீனா கூப்பிட்டாள்.

எப்போதோ யாரோ உடைக்க வந்திருக்கிறார்கள்.
ஆப்பு இறக்கத் துளைத்த ஏழு குழிகள்,
நூல் பிடித்த கோடு,
சாணுக்கு ஒன்று.
ஏன் பாதியில் விட்டுப் போனார்கள், தெரியவில்லை.
குழியில் புழுதி விழுந்து
புழுதியில் மழை தங்கி
ஒன்றில் தும்பை, அடுத்ததிலும் தும்பை,
மூன்றாவதில் பெயர் தெரியாத புல்,
பிறகு குப்பைமேனி, மறுபடி தும்பை.
ஏழாவதில் வெறும் தண்ணீர், அதில் நெளிகிற ஒரு புழு.

கல்லுக்குள்.
வரிசையாக.
சம இடைவெளியில்.
நான் திருத்திய அத்தனை தப்பும் ஒரே இடத்தில்
வெயில் காய்ந்துகொண்டிருந்தன.

"317 போட்டுப் பாரேன்" என்றாள் முபீனா.

திங்கட்கிழமை ஏழு குழி தோண்டினேன்.
தூவவில்லை.
ஒவ்வொன்றாகக் கையால் வைத்தேன்,
தும்பையைக் கொஞ்சம் சாய்த்து, புல்லைக் கொஞ்சம் காயவிட்டு.
மதியச் சாப்பாடு மூன்றரைக்குத்தான்.

முனிராஜப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.
"இன்னாம்மா இது,
யாரோ அளந்து நட்டு வெச்ச மாதிரி கீது.
நேச்சுரலா இல்லியே."

மலையேறிப்போய் நிரூபிக்கிற சங்கதியா இது.
அந்த அடுக்கை அணைத்துவிட்டேன்.
அழிக்கவில்லை.
பக்கத்தில் இருக்கிற சின்னக் கண்
மூடிக்கொண்டது, அவ்வளவுதான்.

மனைகள் விற்கின்றன.
கோப்பைத் திறக்கிறபோதெல்லாம்
யாரும் பார்க்காத ஐந்து செடிகளையும் சேர்த்துத்தான்
என் கணினி சுமக்கிறது.

ஆறாவது குழி மட்டும் இன்னும் காலி.
அங்கே ஒரு பீடித்துண்டு கிடந்தது.
அதற்கு என்னிடம் மாடல் இல்லை.